ஒன் பேரையும் சேத்துட்டேன்

கனடாவில் நாங்கள் வசிக்கும் இந்தச் சிற்றூரின் வானொலியில், குளிர்காலக் காலைகளில் ஒரு சொல் தவறாமல் வரும்: அக்யுமுலேஷன். வந்த முதல் ஆண்டில் பக்கத்து வீட்டு மார்கரெட் கையில் மண்வாரியோடு வேலியருகே நின்று, "உங்கள் பக்கம் அக்யுமுலேஷன் எவ்வளவு?" என்று கேட்டார். நாங்கள் சேர்த்துவைத்த சொத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். முன்பின் பழகாதவரிடம் இதையெல்லாமா கேட்பார்கள் என்ற திகைப்பை மறைத்துக்கொண்டு, "பெரிதாக ஒன்றுமில்லை, நான்கு பெட்டிகள்தான்" என்றேன். அவர் என் முழங்கால் வரை கிடந்த பனியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதன்பின் நெடுநாள் அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

சேர்ந்து கிடக்கும் பனிக்கும் இங்கே அந்தச் சொல்தான், அனுபவத்துக்கும் அதுதான், குழாயை அடைக்கும் அழுக்குக்கும் அதுதான். கடலூர் மாவட்டத்தில் அப்படி ஒரே சொல்லோடு தப்பிக்க முடியாது. தூசு படியும். தண்ணீர் தேங்கும். கிணறு ஊறும். நெஞ்சில் சளி கட்டும், தலையில் நீர் கோத்துக்கொள்ளும். ஏரியில் கருவேலம் மண்டும். மேகம் திரளும். ஒரு நாளிதழின் சிதம்பரம் செய்தியாளராக இருந்த பதினெட்டு ஆண்டுகளில், இப்படிப்பட்ட சொற்களைப் பேசியவர் வாயிலிருந்து கேட்டபடியே பத்திரிகைக் குறிப்புகளின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். ஒருமுறை திட்டக்குடிப் பக்கம் மக்காச்சோளக் களத்தில் ஒரு பெண்ணிடம், "நிறைய சேத்து வெச்சிருக்கீங்களே" என்று பேச்சுக் கொடுத்தேன். "இது குவிச்சது சார், சேத்தது இல்ல. குவிக்கறது ஒரு நாளு வேல. சேக்கறதுன்னா தெனம் தெனம், கொஞ்சம் கொஞ்சமா. பேப்பர்ல மாத்திப் போட்டுறாதீங்க" என்றார். செய்தியில் அவர் பெயர் வந்தது. சொன்னது என் தாளில் மட்டும் இருந்தது.

அந்தத் தாள்களைப் பார்த்துச் சிரித்தவன் இளங்கோ. அதே நாளிதழின் கடலூர் செய்தியாளன், என் நண்பன், பிறகு என் மனைவி செல்விக்கு அண்ணன் என்ற முறையில் மச்சானும் ஆனவன். சிதம்பரம் பேருந்து நிலைய டீக்கடையில், "செய்தி சேக்க அனுப்புனா வார்த்த பொறுக்கிட்டு வர்றியே மச்சான். நாளைக்கு மழ செய்தி இல்லன்னா இதப் போட்டா பக்கம் ரொப்பப் போறாங்க?" என்பான். செல்விக்கு இங்கே செவிலியர் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, தாள்கள் நிறைந்த பதினோரு காலணிப் பெட்டிகளும் விமான எடையில் அடங்கவில்லை. "எட ஜாஸ்தின்னா எங்கிட்ட உட்டுட்டுப் போ. ஒரு நாள் புஸ்தகமா போட்டுடலாம்" என்றான். கொடுத்துவிட்டு வந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்குப் பின் மிஞ்சப்போவது என்று நான் நம்பியது அந்தப் பெட்டிகளைத்தான்.

சென்ற ஆண்டு ஒரு மதியம் அழைத்தான். "அச்சுக்குப் போயாச்சு மச்சான். ஒன் பேரையும் சேத்துட்டேன்." கண் கலங்க நன்றி சொன்னேன். 'பேரை' என்றல்ல, 'பேரையும்' என்றுதான் சொன்னான். பதினெட்டு ஆண்டுகள் சொல் சொல்லாகக் கேட்டுத் திரிந்த காது, அந்த ஓர் 'உம்'மைத் தவறவிட்டது.

ஆறு வாரம் கழித்து, வட்டாரச் சொல்லகராதியாகப் புத்தகம் வந்தது. அட்டையில் தொகுப்பாசிரியர் இளங்கோ. என் பெயரை நன்றிப் பக்கத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். தட்டச்சு செய்தவருக்குக் கீழே, அட்டை வரைந்தவருக்கு மேலே, 'சில சொற்கள் சேர்த்துத் தந்தவர்' என்று இருந்தது. 'சேர்' என்ற பதிவைப் புரட்டினேன். மக்காச்சோளக் களத்துப் பெண் சொன்னது ஓர் எழுத்து மாறாமல் இருந்தது. அதற்கு அடுத்த பொருளாக 'பட்டியலில் இடம் கொடு' என்றும், எடுத்துக்காட்டாக 'போனாப் போவுதுன்னு அவனையும் சேத்துக்கிட்டாங்க' என்றும் இருந்தன. இரண்டும் நான் எழுதியவை.

"வெண்ண தெரண்டு வர்றப்போ தாழி ஒடஞ்ச கதையா ஆயிடுச்சே" என்றாள் செல்வி.

"ஒடையல. ஒங்க அண்ணன் தாழியோட தூக்கிட்டுப் போயிட்டான்."

செல்வி தொலைபேசியை எடுத்து அண்ணனை அழைத்து, என் கையில் கொடுத்தாள். அட்டையில் என் பெயர் ஏன் இல்லை என்று கேட்டேன்.

"பேர சேத்துட்டேன்னு சொன்னனா இல்லியா? பொய்யா சொன்னேன்?" என்றான் இளங்கோ. விடாமல் தொடர்ந்தான். "நீ எழுதிட்டுப் போயிட்ட. ஊர்க்காரங்க இன்னும் பேசிக்கினுதான் இருக்காங்க. இங்க இருக்கறவன்தான கேக்க முடியும்? இருநூத்து சொச்சம் வார்த்த நான் புதுசா போட்டிருக்கேன், பாத்தியா? அதுல எத்தன ஒனக்குத் தெரியும், சொல்லு மச்சான்."

பார்த்திருந்தேன். நாற்பதுக்கு மேல் எனக்குத் தெரியாதவை. குடிகாட்டில், செம்மங்குப்பத்தில், நான் நடந்த தெருக்களில், நான் இல்லாதபோது வந்து சேர்ந்த சொற்கள். அவன் செய்தது திருட்டு என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அந்த நாற்பதையும் அவன்தான் கேட்டு எழுதினான் என்பதும் உண்மை.

புத்தகத்தை வீட்டில் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை, தூக்கி எறியவும் கை வரவில்லை. ஊர் நூலகத்தின் பிறமொழிப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். மேசையில் இருந்த இளம்பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது உங்கள் புத்தகமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஆம்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் சற்று விலகி நின்று, "அப்படியானால் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். நூலகத்துக்கு வந்த பிறகு உங்களால் திரும்பப் பெற முடியாது" என்றாள்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஆசிரியர் என்ற இடத்தில் இளங்கோவின் பெயரை எழுதினேன். நன்கொடையாளர் என்ற இடத்தில் என் பெயர். அவள் இரண்டையும் கணினியில் ஏற்றி, நன்கொடையாளர் பெயரை மட்டும் சிறிய வெள்ளைத் தாளில் அச்செடுத்து, முன் அட்டையின் உட்பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். ஓரம் ஒன்று எழும்பி நின்றது. அதை நானே தடவி ஒட்டிவிட்டு, புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன்.