தமிழ் பேசுகிற ஒரு அண்ணன்

விருந்து வீடுகளில் தங்கையன் மீன் துண்டை முள்ளிலிருந்து பிரித்து, மூக்கருகே கொண்டுபோய், "முந்தாநாள் மீன்" என்று பக்கத்து இலைக்காரருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பார். மகள் லிபிக்கு ஒன்றாம் வகுப்பு படித்த காலத்திலிருந்து தெரிந்த பழக்கம் இது. பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கும். அவர் சொல்வது சரியாகவே இருக்கும் என்பது கூடுதல் அவமானம்.

பத்தொன்பது வருஷமாக அவருக்கு மீனோடுதான் வேலை. கடற்கரைக்குப் போகிற ரோட்டில் ஒரு மீன் ஹோட்டல். திருவனந்தபுரத்தை இரண்டு நாளில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் வருகிற இடம். காலையில் கோயில், மத்தியானம் மீன், சாயங்காலம் கடல். தங்கையன் ஐஸ் பரப்பிய தட்டில் பச்சை மீன்களை அடுக்கி மேசை மேசையாகக் காட்டுவார். அவர்கள் விரலால் தொட்டு, "இது" என்பார்கள். போட்டோ எடுப்பார்கள். அவர் உள்ளே கொண்டுபோவார்.

அந்த மீன் சட்டிக்குப் போகாது. திரும்ப ஐஸுக்குப் போகும். பொரிவது ஃப்ரீசரில் மூன்று நாள் கிடந்த வேறு மீன். ஒரே வாவல் மீனை ஒரே மத்தியானத்தில் ஆறு மேசைக்கு விற்ற நாளும் உண்டு. முதலாளியின் ஏற்பாடு.

தங்கையன் தன் வயிற்றெரிச்சலுக்கு ஒரு வழி வைத்திருந்தார். குழந்தைகளோடு வருகிற தமிழ்க் குடும்பம் என்றால், தட்டை நீட்டுகிற சாக்கில் குனிந்து, "வாவல் வேண்டாம், மூணு நாளு பழசு. சாளை எடுங்க, காலைல வந்தது" என்பார். நம்ம ஆட்கள், காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

காட்டிக்கொடுக்கவில்லை. நன்றி சொன்னார்கள். மதுரைக்குத் திரும்பிய ஒரு குடும்பம் இன்டர்நெட்டில் எழுதியது: "தமிழ் பேசுகிற ஒரு அண்ணன் ரகசியமாகச் சொன்னார், வாவல் மூன்று நாள் பழசு என்று. சாளை பிரமாதம். ஹோட்டலுக்கு ஒரு ஸ்டார். அந்த அண்ணனுக்கு ஐந்து ஸ்டார்."

கரமனையில் இருந்த வாடகை வீட்டில் லிபி அதைப் படித்துவிட்டுத் துள்ளினாள். எம்.காம். முடித்து, வேலைக்கான பரீட்சைகளுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. அப்பா உள்ளே வந்ததும் போனை நீட்டினாள்.

"அப்பா, ஒங்களப் பத்தி போட்டிருக்கானுவ. அஞ்சு ஸ்டார்!"

தங்கையன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கண்டேன். மொதலாளியும் கண்டாரு."

"ஐயோ, வேல போச்சா?"

"எனக்கில்ல. லிங்கத்துக்கு."

லிங்கம் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். ஹோட்டலில் சேர்ந்து ஒரு வருஷம். அவனும் தட்டு தூக்குவான், மாடியிலேயே படுப்பான். கிறிஸ்துமஸுக்கு இவர்கள் வீட்டில் வந்து சாப்பிட்டுவிட்டு, புத்தகமும் கையுமாக இருந்த லிபியை "டீச்சரம்மா" என்று கேலி செய்தவன்.

முதலாளி போனைத் தூக்கிக் காட்டி, "ஆரா இது?" என்று கத்தியிருக்கிறார். தமிழ் பேசுகிறவர் இரண்டு பேர் உண்டே என்று குக் சொல்ல, முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தங்கையனோ? தங்கையன் நம்முடெ ஆளல்லே. பாண்டி இவனல்லே!" என்று லிங்கத்தைக் கை காட்டினார். பத்தொன்பது வருஷமாக மலையாளம் பேசுகிற தங்கையன் நம்ம ஆள்தானே, 'பாண்டி' என்கிற வெளியூர்த் தமிழன் இவன்தானே என்று அர்த்தம். அரை மணி நேரத்தில் லிங்கம் பையோடு ரோட்டில் நின்றான்.

"நீங்க என்ன சொன்னிய?"

"ஒண்ணும் சொல்லல."

"அவனுக்குத் தெரியுமா, சொன்னது நீங்கதான்னு?"

"பக்கத்து மேசைல தண்ணி ஊத்திட்டு நின்னான். தெரியும்."

"தெரிஞ்சும் ஒங்களக் காட்டிக் குடுக்கல?"

தங்கையன் கால் கழுவப் போனார்.

லிபிக்குக் காது சூடேறியது. வயிறு நிறையத் தின்றுவிட்டு நன்றி எழுதிய மதுரைக்காரர்கள் மேல் கோபம். முதலாளி மேல் கோபம். தமிழில் ஜெபம் சொல்கிற அப்பா, 'நம்முடெ ஆள்' என்ற ஒரு வார்த்தையைப் போர்த்திக்கொண்டு நின்றது பொறுக்கவே முடியவில்லை. கல்லூரியில் தோழிகள் பக்கத்தில் இருக்கும்போது அப்பா போன் செய்தால் தமிழை மறைத்து மலையாளத்தில் பேசியது யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதனால் குரல் இன்னும் உயர்ந்தது.

"இப்பமே மொதலாளிக்குப் போன் விளிச்சுச் சொல்லுங்க. நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க!"

"ஒனக்க கோச்சிங் முடியட்டும் மோளே."

"என்னைய இதுக்குள்ள இழுக்காதிய! நான் கேட்டனா?"

அவர் ஈரக் காலோடு வந்து போனை எடுத்தார். லிபி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "மொதலாளீ..." என்றார். தொண்டையைச் செருமினார். "நாளெ விளமீன் வரும். வெளுப்பினு போய் எடுக்கட்டே?" விடியற்காலை மீன் எடுக்கப் போவதைப் பற்றி அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, "செரி, செரி" என்று வைத்துவிட்டார்.

"தூ!" என்றாள் லிபி. அப்பாவைப் பார்த்து அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

அறைக்குள் போய் அந்தப் பதிவுக்குக் கீழே தானே எழுதினாள்: "அந்த அண்ணன் பெயர் தங்கையன். வெளியே அனுப்பப்பட்டவர் வேறு ஆள்." அனுப்பும் இடத்தில் கட்டைவிரல் நின்றது. கோச்சிங்குக்கு இன்னும் நான்கு மாதம் ஃபீஸ் கட்ட வேண்டும். வீட்டு வாடகை இருந்தது. எழுதியதை அழித்தாள். எவ்வளவு லேசாக அழிக்க வந்தது என்பதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று வாரம் கழித்து, சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டியில் லிங்கம் மூட்டை தூக்குவதாகத் தெரிந்தது. தங்கையன் ஒரு கிலோ சாளை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். இந்த மனிதர் அங்கே என்ன சொல்லிச் சமாளிக்கிறார் என்று பார்க்க லிபியும் கூடப் போனாள்.

லிங்கம் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். பையைத் திறந்து பார்த்துச் சிரித்தான்.

"நல்ல மீன்தான் அண்ணாச்சி. எங்க வச்சு ஆக்க? சாக்கு மேலயா?"

"லிங்கம், நான் அன்னைக்கு..."

"அத விடுங்க. மொதலாளி என்னைய எல்லாக் கடையிலயும் சொல்லி வச்சிருக்காரு. சோத்துல மண்ணள்ளிப் போடுதவன்னு. ஒரு ஹோட்டல்லயும் எடுக்க மாட்டுக்காவ. அது லிங்கம் இல்லன்னு ஒரு வார்த்தை அவர்ட்ட சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"சொல்லுதேன்."

"எப்பம்?"

"இந்த வாரத்துல சொல்லுதேன், கேட்டியா."

லிங்கம் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லிபியைப் பார்த்தான். "டீச்சரம்மா, நீங்கதான் சாட்சி."

மீன் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அம்மா ரத்னாபாய் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். தொடக்கூடாது என்று இருந்த லிபி இரண்டு தடவை சோறு வாங்கினாள். ருசியாக இருந்ததில் இன்னும் ஆத்திரம் வந்தது.

அது ஓணத்துக்கு முன்னால். கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டது. கோச்சிங்கும் முடிந்துவிட்டது. தங்கையன் இப்போதெல்லாம் யாரிடமும் குனிவதில்லை. குழந்தைகளோடு வருகிறவர்களிடமும், "எல்லாம் இன்னைக்கு வந்ததுதான்" என்று நிமிர்ந்து நின்று சொல்கிறார். லிங்கம் இன்னும் மண்டியில்தான் மூட்டை தூக்குகிறான். முதலாளியிடம் அந்த ஒரு வார்த்தையைத் தங்கையன் இன்னும் சொல்லவில்லை. சாட்சியான டீச்சரம்மாவும் சொல்லவில்லை.