வெர்னாவின் நீல ரிப்பன்

அமெரிக்காவின் அயோவாவில் பழைய புகைப்படங்களைச் சீர்செய்வது டெலோராவின் பிழைப்பு. ஒருநாள் வெர்னா கிழவி தன் 1958ஆம் வருடப் படத்தோடு வந்தாள். மாவட்டக் கண்காட்சியின் வீட்டிலேயே காய்ச்சிய ஜாமுக்கான போட்டியில் டெலோராவின் அம்மாவைத் தோற்கடித்து, முதல் பரிசான நீல ரிப்பனோடு நின்ற படம்.

"உங்கம்மா ஜாமை நாய்கூட மோந்து பாக்காதுடி. தூசு தும்பில்லாம பளிச்சுனு பண்ணு. சர்ச் ஹால்ல மாட்டணும்."

அந்தத் தோல்விக்குப் பிறகு அம்மா சாகும்வரை ஜாம் காய்ச்சவே இல்லை. டெலோரா பல்லைக் கடித்துக்கொண்டு கறைகளை நீக்கினாள். வெர்னாவின் காலடிக் கூடையில், கடை லேபிளோடு ஒரு காலி ஜாம் பாட்டில் தெளிந்து வந்தது.

படத்தைக் கதவளவு பெரிதாக்கி, ஞாயிறன்று தானே ஹாலில் மாட்டினாள். ஊரே கூடிநின்று கூடையைப் பார்த்தது.

"என்னடி பண்ணித் தொலைச்ச?" வெர்னா வெளிறிப்போனாள்.

"தூசு மட்டும்தான் தொடச்சேன் ஆன்ட்டி. பாட்டில் உங்களோடது."