பத்து இடம், பதினோரு பேர்

பூட்டுக்காரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் தங்கை மகன் வாயிலிருந்துதான். வேலை விட்டு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பெரியம்மா, அந்தப் பூட்டுக்காரி இன்னிக்கும் என்னை வெளியே தள்ளிட்டா!"

"எந்த வீட்டுலேருந்துடா?"

"வீடு இல்ல, பிரிண்டர்லேருந்து."

சரக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் அவனுக்குக் கணக்கு வேலை. பதினோரு பேருக்கு ஒரே பிரிண்டர். கீழ்க் கடைக்காரர்களும் அதில் திருட்டுத்தனமாகத் தாள் எடுக்கிறார்கள் என்று மேனேஜருக்குச் சந்தேகம். அதனால் கம்ப்யூட்டர் பார்க்க வந்த புதுப் பெண்ணிடம் அதைப் பூட்டச் சொன்னார். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வீட்டுக் கதவிலக்கம் மாதிரி ஒரு நம்பர் உண்டாம். பிரிண்டருக்குள் எழுதி வைத்த நம்பருக்கு மட்டும்தான் தாள் வரும். ஆனால் எழுதுவதற்குப் பத்து இடம்தான். அவள் எழுதிப் பூட்டினாள். அந்தப் பெயரும் அவளுக்கு வந்தது.

மறுநாளிலிருந்து தினமும் யாராவது ஒருவருக்குத் தாள் வராது. பெரும்பாலும் என் தங்கை மகனுக்குத்தான்.

"அவளுக்கு மட்டும் எப்பவும் வருது பெரியம்மா. மாசக் கடைசில அவளை நிரந்தரம் பண்ணப் போறாங்களாம். விடுவேனா? தூக்குங்கன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

"யாரு மக அவ?"

அவன் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால், எங்கள் சித்தப்பாவின் மூன்றாவது மகள் வயிற்றுப் பெண். தகப்பன் இல்லை. தாயும் மகளும் அந்த ஒரு வேலையை நம்பித்தான் இருந்தார்கள்.

"உனக்குத் தங்கச்சி முறைடா."

"முறையாவது மண்ணாவது!"

எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல்தான். அவள் அம்மா சர்க்கரை டப்பாவுக்கே பூட்டுப் போட்டவள், எனக்குத் தெரியாதா?

அங்கே அவளுக்கு இவன் மேல் சந்தேகமாம். பிறகு அவளே என்னிடம் சொன்னாள். தன் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு யாரோ பிரிண்டருக்குள் எழுதினதில் கை வைக்கிறார்கள், அது இவன்தான் என்று நினைத்து, பாஸ்வேர்டை மாற்றினாள். மறுநாள் பார்த்தால் எழுதின பத்து நம்பரும் அப்படியே இருக்கிறது. இவனுக்கு மட்டும் தாள் வரவில்லை. நேராக இவன் மேசைக்கு வந்தாள்.

"சார், கொஞ்சம் எழுந்திரிங்க."

"ஏன், மிச்சத்தையும் நோண்டவா?"

"உங்க நம்பர் பதினேழு. இப்ப இருபத்தி நாலுன்னு காட்டுது. யார் மாத்தினது?"

"பண்றதையும் பண்ணிட்டு என்னையே கேக்குறியா?"

பதினேழு யாரிடம் இருக்கிறது என்று தேடினால், டைப்பிஸ்ட் அம்மாவின் கம்ப்யூட்டரில். எல்லோரும் திரும்பிப் பார்க்க, அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னை ஏம்ப்பா முறைக்கிறீங்க? காலைல இவருக்கு முன்னாடி வந்து உட்கார்றது ஒரு குத்தமா?"

பூட்டுக்காரிக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. நம்பர் கொடுக்கிற பெட்டி ஒன்று சுவரில் இருக்கிறது. மேனேஜர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, சாயங்காலம் மெயினை அணைத்துவிட்டுத்தான் போவார். பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். காலையில் வருகிறவர்களுக்கு வந்த வரிசையில் புதிதாகக் கொடுக்கும். கைபேசிகளுக்கும் அதிலிருந்தே போகும். கடைசியில் வருகிற என் தங்கை மகனுக்குப் பூட்டுக்கு வெளியே உள்ள நம்பர். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் மாறாத நம்பராகப் போட்டுவிட்டு அல்லவா இவள் பூட்டியிருக்க வேண்டும்?

"அப்ப உன் தாள் மட்டும் எப்படி வருது?" என்றான் இவன்.

பிரிண்டரில் எழுதியிருந்ததைத் திறந்து காட்டினாள்.

"பத்து இடம்தானே இருக்கு? என் நம்பரை நான் எழுதவே இல்ல. பென் டிரைவைக் கொண்டுபோய் மிஷின்லயே சொருகி எடுத்துக்கறேன்."

நம்பாமல் அவள் கம்ப்யூட்டரைத் தானே போய்த் தட்டிப் பார்த்தான். தாள் வரவில்லை.

இரண்டு பேருமாக மேனேஜரிடம் போனார்கள்.

"மெயினை அணைக்காதீங்க சார். நானும் நம்பரை நிலையாப் போடாம விட்டுட்டேன், அது என் தப்பு."

"ஆக, இத்தனை கூத்துக்கும் நான்தான் காரணம்?"

"அவ சொல்றது நிஜம் சார். நானே பார்த்தேன்" என்றான் இவன்.

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து வரைக்கும் அவளைத் தூக்கச் சொன்னவன் நீ. ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி முறையாமே? சாப்பிடும்போது நீயே சொன்னியாமே? குடும்பமாச் சேர்ந்து என் தலையில கட்டப் பாக்கறீங்களா?"

இவன் என்ன சொன்னாலும் அது சொந்தக்காரன் பேச்சாகிவிட்டது. அன்றைக்கே அவள் ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து நம்பரை நிலையாகப் போட்டாள். பத்துப் பேருக்கும் தாள் வந்தது. மாசக் கடைசியில், இனி வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

இப்போது அவள் ஒரு கண் மருத்துவமனையில், நோயாளிகளுக்குச் சீட்டு அடித்துக் கொடுக்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்க்கிறாள். அங்கேயும் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.