வேப்பிலையைப் பிய்த்தவர்

டோல்கேட் பக்கம் அம்மை குத்தும் உத்தியோகம் பார்த்த பக்தவச்சலத்துக்கு, சாமி கும்பிடுகிறவர்களைக் கண்டாலே குமட்டும். அவர் தெருவில் தலை காட்டினால் பெண்கள் பிள்ளைகளை ஒளித்துவிட்டு, "ஆத்தா கோவிச்சிக்கும்" என்று கதவைச் சாத்துவார்கள். குமட்டியதில் நியாயம் இருந்தது. ஆனால் மனுஷர் அதோடு நிறுத்தினாரா?

ராயபுரம் வாசகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமி பொய் என்று அவர் பேசி முடித்ததும், மில்லில் வேலை பார்க்கும் ஜெயவேல் எழுந்தான். புளியந்தோப்பு பௌத்தன், சாமி இல்லை என்பதில் அவனுக்கும் சந்தேகம் கிடையாது.

"சாமி பொய்யாவே இருக்கட்டும் சார். ஜனங்க செய்றது நெஜம்தானே? ஏன் செய்றாங்கன்னு சயின்ஸ் பாக்க வேணாமா?"

பக்தவச்சலம் விழுந்து விழுந்து சிரித்தார். "குப்பயக் கிளறத்துக்கு சயின்ஸா? பைத்தியம் ஒளறினா அது தத்துவமா? போய்யா, வேற வேல இருந்தா பாரு!"

கூட்டம் கை தட்டியது. அது அவர் தலைக்கேறிவிட்டது.

மறுநாள் தன் தெருவில் நாலு வீட்டில் அம்மை. வீட்டு எண்களை ஆபீசுக்கு எழுதிக்கொண்டார். அந்த வீட்டுக்காரர்கள் அன்று காலைதான் வாசலில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்துகளைப் பிய்த்துச் சாக்கடையில் வீசினார். நாலாவது வீட்டுப் பச்சையம்மா பாயில் கிடந்தபடி, "வேணாம் நைனா" என்று அழுதாள். அவர் காதில் வாங்கவில்லை. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே வேலைக்குப் போனார்.

மத்தியானம் அவர் மனைவி ராஜாத்தி, அம்மை குத்தும் வயது ஆகாத இரண்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முறம் கேட்கப் பச்சையம்மா வீட்டுக்குள் போனாள். போர்த்திப் படுத்திருந்தவளுக்கு வெறும் காய்ச்சல் என்று நினைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் குழந்தைக்குச் சுரம் கொதித்தது. பிறகு முத்து போட்டது.

"கொழந்தயத் தூக்கிக்கினு எங்க போய்த் தொலைஞ்சே?" என்று பக்தவச்சலம் கத்தினார்.

"பச்சையம்மா வூட்டுக்கு. வாசல்ல வேப்பில இருந்திருந்தா நான் படி ஏறியிருப்பனா?"

எழுத்து தெரியாத தெருவுக்கு அந்தக் கொத்துதான் அறிவிப்புப் பலகை. அதோடு ஆத்தா பெயரும் ஒட்டிக்கொண்டிருந்ததால், படித்த முட்டாள் அதைப் படிக்கவில்லை.

பக்தவச்சலம் எழுந்து போய் ஒரு கொத்து ஒடித்து வந்து தன் வாசலில் கட்டினார். எதிரே குடத்தோடு வந்த பெண்கள் பார்த்ததும் தெருவின் மறுபக்கம் ஒதுங்கிப் போனார்கள்.

"இத்தயும் பிச்சிப் போடறதுதானே?" என்றாள் ராஜாத்தி உள்ளிருந்து.

மூன்றாம் நாள் மூலக்கொத்தளம் இடுகாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர், அந்தக் கொத்தை அவிழ்க்கவில்லை.