பின்சீற்றுக்கு அளவான ஆள்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். விசுவமடுவில் ஒற்றைக் காலோடு வாழும் என் அக்காவை ஏற்றிக்கொண்டு போவதற்காக, இரண்டே இரண்டு கதவுகளும் நிலத்திலிருந்து இரண்டு சாண் உயரத்தில் இருக்கையும் கொண்ட யப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இறக்கினேன். சிவப்பு. நிறத்தையாவது சரியாகத் தெரிவு செய்தேன் என்று பீற்றலாம் என்றால், எங்கள் ஒழுங்கைப் புழுதியில் அது இரண்டாம் நாளே செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.

நான் இருப்பது நோர்வேயின் வடக்கில், ஒரு மீன் தொழிற்சாலை ஊரில். இங்கே பதினொரு மணிக்கு எல்லாரும் 'மாட்பாக்கெ' என்கிற சாப்பாட்டுப் பொதியை அவிழ்ப்பார்கள். மெழுகுத்தாளுக்குள் இரண்டு பாண் துண்டு, மேலே மண்ணிறச் சீஸ். ஒருவரும் கதைக்கமாட்டார்கள். இத்தனை பேர் கூடிச் சாப்பிட்டு இப்படி அமைதியாக இருப்பதை ஊரில் நான் செத்தவீட்டில்கூடக் கண்டதில்லை; அங்கே சாம்பாரில் உப்பில்லை என்றாவது ஒருவர் தொடங்குவார். இந்த அமைதிக்குள் இருந்துதான் ஆறு மாதம் கைத்தொலைபேசியில் கார் பார்த்தேன். ஒரு கையில் பாண், மறு கையில் கனவு. இரண்டிலும் மீன் வாசம்.

வவுனியாவில் வாகனம் இறக்கித் தரும் சுதன் என்பவர்தான் படங்களை அனுப்பினார். யப்பானில் பழைய கார்களை ஏலம் விடும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் காரின் உடம்பை விரித்து வரைந்திருக்கும். எங்கே கீறல், எங்கே நெளிவு, எந்தப் பாகத்தைக் கழற்றி வேறு போட்டது என்று இடம் இடமாகக் குறித்திருப்பார்கள். நகம் பட்ட கீறலைக்கூட மறைக்கமாட்டார்கள். அந்தத் தாள்களை நான் சாதகம் பார்ப்பதுபோலப் பார்த்தேன். முதல் காரில் இடது கதவில் கீறல். கழித்தேன். அடுத்ததில் பின்பக்கம் சின்ன நெளிவு. அதையும் கழித்தேன். மூன்றாவது நல்ல கார்தான், ஆனால் எங்கோ அடிபட்டு ஒரு பாகம் மாற்றியது. "மாற்றுப் பாகம் போட்ட சாமான் எனக்கு வேண்டாம்" என்று சுதனுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். அதை இப்போதும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். என் குரலில் இருந்த மிடுக்கைச் சில நேரம் கேட்பேன்.

சுதன் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சொல்வதைக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"அண்ணை, அக்காவுக்கெண்டால் ஒரு வான் எடுப்பம். கதவை இழுத்துத் திறந்தால் சுகமா ஏறலாம்."

"வானெண்டால் சனம் கூலிக்குப் பிடிச்சதெண்டு நினைக்கும் சுதன்."

"இதில பின்சீற்றில ஆள் இருக்கேலாது அண்ணை. தலையைக் கழட்டி மடியில வைக்கோணும்."

"பின்னால ஆர் இருக்கிறது? அக்கா முன்னுக்கு."

"முன்னுக்கும் ஏறோணுமே."

"நீர் அடிப்பக்கம் துரு இருக்கோ எண்டு மட்டும் பாரும்."

அடிப்பக்கத்தைப் பதினேழு படம் எடுத்து அனுப்பினார். துரு இல்லை.

கடைசியில் ஒன்றைத் தெரிவு செய்த அன்று, பக்கத்து இருக்கை ஸ்டெய்னாருக்குப் படத்தைக் காட்டினேன். ஸ்டெய்னார் எனக்கு மீன் வெட்டப் பழக்கியவன். ஒரு நாளைக்கு மூன்று வசனம் பேசுவான். படத்தைப் பார்த்து, யாருக்கு என்று கேட்டான். என் அக்காவுக்கு என்றேன். கொஞ்ச நேரம் மென்றான். பிறகு, "அவருடைய முழங்கால்கள் எப்படி?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரனிடம் காரைக் காட்டினால் எத்தனை குதிரைவலு என்று கேட்க வேண்டும். இவன் முழங்காலைக் கேட்கிறான். நலம் விசாரிக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். "நல்ல சுகம், நன்றி" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு மறுபடி மெல்லத் தொடங்கினான். அன்றைக்கு அவனுக்கு இன்னும் ஒரு வசனம் மிச்சம் இருந்திருக்கும். நான் கேட்டிருக்கலாம்.

அக்காவுக்கு வலது காலில் முழங்கால் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்ப மாட்டேன். போரின் கடைசி மாதங்களில், கடற்கரைப் பக்கம், செல் விழுந்தது. முகாமில் இருந்து வந்த முதல் அழைப்பிலேயே அக்கா சொன்னார். நானும் அழுதேன், அடுத்த நாள் லீவு எடுத்தேன். ஆனால் அதற்குப் பிறகு வீடியோ அழைப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா கதிரையில் இருந்து, அலுமாரியில் போனைச் சாய்த்துவைத்து, "முகம் வடிவாத் தெரியுதோ?" என்று கேட்பார். ஓம், வடிவாகத் தெரிந்தது. நெற்றியில் இருந்து நெஞ்சு வரை. இத்தனை வருடமாக அக்கா எனக்கு அவ்வளவுதான். காரின் அடிவயிற்றைப் பதினேழு கோணத்தில் பார்த்த நான், போனை ஒருமுறை கொஞ்சம் கீழே சாய்க்கச் சொன்னதில்லை.

இனி எப்படி வெளியேறினேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வன்னியைவிட்டு வெளியே போக இயக்கத்திடம் ஒரு பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுக்கிறவர் திரும்பி வருவார் என்று உள்ளே ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் வராவிட்டால் பிணை நின்றவருக்குப் பாஸ் இல்லை. எனக்குக் கண்ணில் வருத்தம், கொழும்பில் வைத்தியம் என்று எழுதிக் கொடுத்தேன். பொய். ஆனால் யோசித்துப் பார்த்தால், அது ஒன்றுதான் நான் உண்மையாக எழுதிய விண்ணப்பம். அக்கா பிணை நின்றார். பாஸ் கொடுக்கிற கந்தோரின் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றவரிடம், "பதினாலு நாள்தானே அக்கா, வந்திடுவன்" என்றேன். கூடவே, சும்மா இருக்காமல், "வரேக்க காரிலதான் வருவன். உங்களை முன்சீற்றில ஏத்தி முறிகண்டிக்குக் கூட்டிக்கொண்டு போவன்" என்றும் சொன்னேன். அக்கா சிரித்தார். பதினைந்தாம் நாள் நான் வேறொரு பெயரில் விமான நிலையத்தில் நின்றேன். சித்தி குடும்பம் வவுனியாவுக்குப் போனபோது அக்காவும் கூடப் போகக் கேட்டிருக்கிறார். உன்ர தம்பி வரட்டும், பிறகு போகலாம் என்றார்களாம். தம்பி வரவில்லை. முதலில் அகதி மனு, பிறகு கடவுச்சீட்டு, பிறகு வேலை, அதற்குப் பிறகு வெறும் வெட்கம். இதற்கிடையில் சண்டை தொடங்கி, வன்னிப் பாதை மூடியது. மிச்சத்தைச் சொல்லிவிட்டேன்.

ஆகவே பத்தொன்பது வருடம் கழித்து நான் காரில் வந்தேன். சொன்ன சொல்லில் பாதியைக் காப்பாற்றியவன் என்ற பெருமையோடு. வவுனியாவில் இருந்து ஓட்டிக்கொண்டு வரும்போதே கார் என்னோடு சண்டை. நோர்வேயில் சிக்னல் தண்டு இடப்பக்கம்; இதில் வலப்பக்கம். நான் திரும்பும் இடமெல்லாம், கொளுத்துகிற வெயிலில், வைப்பர் ஆடியது. பரந்தன் சந்தியில் ஒரு முச்சக்கர வண்டிக்காரர் வானத்தை நிமிர்ந்து பார்த்து, மழை வருகிறதோ என்று தேடினார். எங்கள் ஒழுங்கையில் கார் வயிறு தட்டி நின்றது. நாலு பேர் வந்து பலகை வைத்து ஏற்றினார்கள். முன்வீட்டுப் பரமேஸ் அண்ணை சாரத்தை மடித்துக் கட்டியபடி காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, பாதி வந்திட்டுது. மற்றப் பாதி எந்தக் கப்பலில வருது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது அக்கா குசினிப் பக்கமிருந்து வந்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக முழு அக்காவைக் கண்டேன். வலது காலைப் பக்கவாட்டில் வீசி, ஒரு அடி வைத்து, ஒரு கணம் நின்று, அடுத்த அடி. முற்றத்தின் குறுக்கே வர அவருக்கு எடுத்த நேரத்தில் என் சிரிப்பு முடிந்து, மற்றவர்களின் சிரிப்பும் முடிந்து, காரின் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. அக்கா காரைப் பார்த்தார். இருக்கையைப் பார்த்தார். பிறகு என்னை.

"வடிவான கார்" என்றார்.

அடுத்த நாள் காலை முறிகண்டிக்கு வெளிக்கிட்டோம். இந்தப் பாதையால் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையார் வாசலில் நிற்காமல் போகாது. புதுக் கார் என்றால் கேட்கவே வேண்டாம். அக்காவோடுதான் நிற்பது என்று, முதல் நாள் நான் மட்டும் நிற்காமல் வந்திருந்தேன். அக்கா கோயில் சேலை உடுத்திருந்தார். கதவு அகலமாகத்தான் திறந்தது. ஆனால் இருக்கை கீழே, அதளபாதாளத்தில். அக்கா கூரையைப் பிடித்தார், கதவைப் பிடித்தார், என் தோளைப் பிடித்தார். செயற்கைக் கால் நீட்டிக்கொண்டு நின்றது. மடக்கினால் நழுவியது. மூன்றாம் முறை தொப்பென்று விழுந்து இருந்தார். கால் மட்டும் வெளியே. நான் அதை உள்ளே வைக்கப் பார்த்தேன். எந்தப் பக்கம் மடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

"விடு. நீ உடைச்சுப் போடுவாய்" என்றார் அக்கா. வழியனுப்ப வந்து நின்ற பரமேஸ் அண்ணையைப் பார்த்து, "அண்ணை, கொஞ்சம் அங்கால பாருங்கோ" என்றார். சேலைக்குள் கையை விட்டுப் பட்டியை அவிழ்த்து, காலைக் கழற்றி, கதவுக்கு வெளியே என்னிடம் நீட்டினார். நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. பாதத்தில் புதுச் செருப்பு. எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் அதை அணைத்துக்கொண்டு நிற்க, அக்கா சொன்னார்: "பின்னால வை."

காரைச் சுற்றிப்போய், என் இருக்கையை முன்னால் மடித்து, பின்சீற்றில் வைத்தேன். ஒரு மனிதரும் இருக்க முடியாத அந்தச் சீற்றில் கால் அளவாகப் பொருந்தியது. பெல்ட்டும் போட்டுவிட்டேன். யப்பான்காரன் அந்தச் சீற்றை யாருக்காகச் செய்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

கிளிநொச்சியைத் தாண்டும்போது அக்கா, "லொறிச் சில்லுத்தான் தெரியுது" என்றார். உண்மைதான். அந்த இருக்கையில் இருந்தால் உலகத்தின் கீழ்ப்பாதிதான் தெரியும். நெஞ்சுக்கு மேலே மட்டும் பார்த்துப் பழகிய எனக்கு, அக்கா தந்த பதில் அதுதானோ என்னவோ.

முறிகண்டியில் ஒரே சனம். பஸ்கள் நிற்க, ஆட்கள் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். நான் காரை ஓரமாக விட்டேன். சிவப்புக் காரைப் பார்க்க நாலைந்து பேர் குனிந்தார்கள். முதலில் அக்காவைப் பார்த்தார்கள், பிறகு பின்சீற்றைப் பார்த்து நிமிர்ந்துவிட்டார்கள்.

"தூக்கட்டே அக்கா?"

"கோயில் வாசலில என்னைக் காவாதை."

"காலை எடுத்துத் தரட்டோ?"

"இதுக்குள்ள இருந்து எப்பிடிப் போடுறது? நீ போய்க் கும்பிட்டிட்டு வா."

எஞ்சினை ஓடவிட்டால்தான் உள்ளே குளிரும் என்று அப்படியே விட்டேன். தேங்காயை எடுத்துக்கொண்டு இறங்கி நாலு அடி வைத்தேன். கார் கீச், கீச் என்று கத்தியது. சாவி என் சட்டைப்பையில். எஞ்சின் ஓடும்போது சாவிக்காரன் விலகிப் போனால் கத்தும்படி செய்திருக்கிறார்கள். எனக்குத்தான் அப்படியொன்றைப் பூட்ட யாருக்கும் தோன்றவில்லை. கையில் தேங்காயோடு, காருக்கும் கோயிலுக்கும் நடுவில் நின்றேன். முன்சீற்றில் அக்கா, பின்சீற்றில் அவருடைய கால். நான் வந்து கதவைத் திறக்கும் வரைக்கும் இரண்டும் ஒன்றுசேர வழியில்லை.

திரும்பிப் போய் யன்னலருகே குனிந்தேன். "இருங்கோ அக்கா," என்றேன். "ரெண்டு நிமிசத்தில வந்திடுவன்."

அக்கா முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்:

"அப்பவும் இப்பிடித்தான் சொன்னனீ."