தலையாட்டாத துணை

"...சும்மா தலையாட்டாதை! நீயும் ஓமெண்டால் நான் ஆரோட படிக்கிறது?" என்றான், கோபன்ஹேகன் சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்த யூத நண்பன். மதிய இடைவேளையில் மோசே தந்த தங்கள் வேதமான தோராவைப் படிப்பான். எதிர்த்துக் கேட்க ஒரு துணை வேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். "கேள்வி கேக்கிறதும் கும்பிடுறதுதான்" என்பான். கிறிஸ்தவனான நானும் சளைக்காமல் மடக்குவேன்.

அன்று எனக்குக் கேள்வியே வரவில்லை. மனைவியை டென்மார்க்குக்கு அழைக்கும் விண்ணப்பத்துக்கு, காலையில் குடிவரவுக் கந்தோரில் மறுபடியும் "பொறுங்கள்" என்றிருந்தார்கள். அதை அவனிடம் சொன்னேன்.

"ஏனெண்டு கேட்டனியோ?"

"இல்லை. தலையாட்டிப்போட்டு வந்திட்டன்."

"மோசேயையே மடக்கிறாய், ஒரு கிளார்க்குக்குப் பயமோ?"

புத்தகத்தை முத்தமிட்டு மூடினான். தன் கோட்டை மாட்டிக்கொண்டு, என்னுடையதை எடுத்து நீட்டினான்.