முதலாளி இலையில் ஒரு அப்பளம்

தொண்ணூறுகளின் நடுவில், ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு வருஷம். மேற்கு மாம்பலத்தில் ரயில்வே லைனை ஒட்டிய சந்து ஒன்றில் அப்பளக் கம்பெனி இருந்தது. அங்கேதான் எனக்கு வேலை. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் ஒரு கூடம், பின்னால் மாவு பிசைய ஒரு இடம், மேலே மொட்டைமாடி, இருபத்திரண்டு பெண்கள், அவ்வளவுதான். பலகையும் குழவியும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. நான் இட்ட அப்பளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் சொல்லிவிடலாம், ஓரமும் நடுவும் ஒரே கனம். பெருமைக்குச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது ஒன்றுதானே தெரியும்.

கம்பெனியை ஆரம்பித்த பெரிய முதலாளியை நல்ல மனுஷர் என்று சொல்ல மாட்டேன். வாய் கூவம். இரண்டாவது டீ கேட்டால் முறைப்பார். ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அன்றன்றைக்குப் பிசைந்த மாவில் இட்ட முதல் அப்பளத்தைக் காயவைத்துப் பொரித்து, மத்தியானச் சாப்பாட்டில் அவர் இலையில் வைக்க வேண்டும். அவர் தின்று முடிக்கும்வரை ஒரு அப்பளத்தைக்கூடக் கட்டு கட்டக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் அந்த மாவு முழுக்கக் குப்பைக்குப் போகும். எங்களுக்கு வசவு விழும்.

அவர் காலமான பிறகு மகன் வந்தார். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. எல்லோரையும் வாங்கம்மா, போங்கம்மா என்பார். கூடத்தில் ஃபேன் போட்டார். ஒருநாள் கைவைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, இனி நீங்கள்தான் சூப்பர்வைசர், உட்காருங்கள் என்றார். மற்றவர்கள் தரையில், நான் நாற்காலியில். அதுவரை என்னை யாரும் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது என் கால் தரையில் பாவவில்லை.

முதல் அப்பளம் சாப்பிடும் வழக்கத்தை அவர் நிறுத்திவிட்டார். எண்ணெய் ஒத்துக்கொள்ளாது என்றார். நானும் நம்பினேன்.

அந்த மழையில் கடைகளிலிருந்து அப்பளம் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தது. ஈரம் ஏறி, ஓரமெல்லாம் பூஞ்சை. சின்ன முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பூஞ்சையைத் துடைத்துவிட்டு, அடுப்படியில் காயவைத்து அரைத்து, புது மாவில் கலந்துவிடுங்கள், வாசனை தெரியாமல் பெருங்காயத்தைத் தூக்கலாகப் போடுங்கள் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "உங்களை நம்பித்தாம்மா சொல்றேன்" என்றார்.

கலந்தேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள். காய்கிற எண்ணெயில் எந்தக் கிருமி தங்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்காலியில் உட்கார்ந்தால் இப்படியெல்லாம் சமாதானம் தோன்றும் போலிருக்கிறது.

கட்டு கட்டும்போது உடைகிற அப்பளத்தை நாங்கள் நொறுங்கல் என்போம். சாயங்காலம் ஆளுக்குக் கொஞ்சம் முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். அதற்குச் சண்டைகூட வரும். இரண்டாம் நாள் சாயங்காலம் பார்க்கிறேன், நொறுங்கல் முறத்தில் அப்படியே கிடக்கிறது. ஒருத்தியும் தொடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்கள். யாராவது செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆகாததை ஊரான் பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மயிலாப்பூரிலிருந்து கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் ஒருவர் வருவதாக இருந்தது. தை மாத முகூர்த்தங்களுக்கெல்லாம் அவருக்கு அப்பளம் வேண்டும். அந்த ஆர்டர் வந்தால் எங்கள் எல்லோருக்கும் இரண்டு மாதம் வேலை நிச்சயம். சின்ன முதலாளி காலையிலேயே வந்துவிட்டார். வருகிறவருக்குக் காட்ட மட்டும் நல்ல மாவில் தனியாக இட்டு வையுங்கள், மற்றதெல்லாம் அந்தக் கலந்த மாவிலேயே போகட்டும் என்றார்.

சரி என்று தலையாட்டினேன். எனக்குள் என்ன எரிந்தது என்று அவருக்குத் தெரியாது.

மத்தியானம் இருவரும் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தார்கள். பழைய மாவு கலந்த அப்பளம் எண்ணெயில் விழுந்ததும் சிவந்துவிடும், சரியாகப் பொரியாது. காண்ட்ராக்டர் இலையில் வெள்ளையாகப் பொரிந்த நல்ல அப்பளத்தை வைத்தேன். முதலாளி இலையில் சிவந்ததை வைத்தேன். "இன்னிக்கு மாவுல மொத அப்பளம் மொதலாளி. உங்க நைனா காலத்து வழக்கம்" என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. அப்பளத்தை விரலால் இலை ஓரத்துக்குத் தள்ளினார்.

காண்ட்ராக்டர் வயசானவர், கண் கூர்மை. "என்னப்பா, எனக்கு வெள்ளை, உனக்கு மட்டும் செவப்பா?" என்று கேட்டார்.

"எண்ணெய்ப் பலகாரம் எனக்கு ஆகாது மாமா."

"அப்போ அந்த வடைய என்னத்துல போட்டு எடுத்தாளாம், தண்ணியிலயா?"

முதலாளி இலையில் பாதி தின்ற வடை கிடந்தது. காண்ட்ராக்டர் எட்டி அந்தச் சிவந்த அப்பளத்தில் ஒரு துண்டை ஒடித்து மோந்து பார்த்தார். வாயில் போடவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தார். "நீயே தொடாத அப்பளத்த நான் எப்படிப்பா சம்பந்தி எலையில போடறது?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

சின்ன முதலாளி அப்போதும் கத்தவில்லை. நாளையிலிருந்து வராதீர்கள் அம்மா என்றார். அந்த 'அம்மா'வில்தான் எனக்குப் பற்றிக்கொண்டது.

"அம்மா அம்மான்னுக்கினே என் கையால பூஞ்சைய கலக்க வச்சியே. உங்க நைனா வாயி கூவம்தான், ஆனா விக்கிறத துன்னாரு. நீ இன்னா துன்ற?"

பலகையையும் குழவியையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கூட இருந்தவர்கள் என்னைக் கொண்டாடுவார்கள் என்று நினைத்தேன். வாசலில் ஒருத்தி வழிமறித்தாள். இருபத்திரண்டு பேரில் வேகமாகக் கட்டு கட்டுகிறவள். புருஷன் இல்லாமல் மூன்று பெண்களை வளர்க்கிறவள். "தை மாச வேல பூட்ச்சி. உன் ரோசத்துக்கு எங்க வூட்டு அடுப்ப அவிச்சிட்டியேக்கா" என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. வேலையைப் பிடுங்கியது நானா, அவரா என்று அவளிடம் வழக்காடி என்ன ஆகப்போகிறது?

பொங்கலுக்கு முன் அவளை ரங்கநாதன் தெருவில் பார்த்தேன். கம்பெனி எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். ஏதோ ஓடுகிறது என்றாள். கலக்குவது நின்றுவிட்டதா என்று கேட்டேன். பார்வையை என் காலுக்குத் தாழ்த்திக்கொண்டாள்.

"இப்ப அந்த நாற்காலில நான்தான் குந்திக்கினு கீறேன்க்கா."

கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

இன்னும் எனக்கு ஆறவில்லை. அந்த மனுஷர் மேல் உள்ள கோபத்தில் பாதி என் மேலும் இருக்கிறது. நான் கலந்த அந்த இரண்டு நாள் அப்பளம் எந்த வீட்டில் எந்தக் குழந்தையின் தட்டில் விழுந்ததோ, யாரிடம் போய்க் கேட்பேன்? ஆளை வைத்து வேலை வாங்குகிறவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் அவர் தட்டில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். யாராவது எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டால், எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இன்றைக்கும் உட்காருகிறேன்.